கீழே எது என்று தேடிய பெட்டி

2009 செப்டம்பர் 23 முற்பகலில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி14 கிளம்பியது. அதன் முதன்மைப் பயணி ஓஷன்சாட்-2. கடலின் நிறத்தையும் கடல்மேல் வீசும் காற்றையும் அளக்கப் போன, 960 கிலோ எடையுள்ள இந்தியச் செயற்கைக்கோள். அதோடு ஒட்டிக்கொண்டு ஆறு வெளிநாட்டுச் சிறு செயற்கைக்கோள்களும் போயின. அவற்றில் நான்கு பல்கலைக்கழகங்களில் உருவானவை. பெர்லின், வூர்ட்ஸ்பர்க், இஸ்தான்புல் நகரங்களிலிருந்து தலா ஒன்று வந்திருந்தது. நான்காவது, சுவிட்சர்லாந்தின் லொசான் நகரிலிருந்து வந்த ஸ்விஸ்கியூப். பக்கத்துக்குப் பத்து சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு பெட்டி. எடை 820 கிராம். லொசானில் உள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகமும் வேறு சில சுவிஸ் கல்வி நிறுவனங்களும் சேர்ந்து, ஏறத்தாழ 200 மாணவர்களின் கைபட்டு உருவான பெட்டி அது. சுவிட்சர்லாந்தின் முதல் செயற்கைக்கோளும் அதுதான்.

அதற்குக் கொடுக்கப்பட்ட வேலை கொஞ்சம் விநோதமானது. ஊர்களையோ வயல்களையோ அது படம் பிடிக்க வேண்டியதில்லை. இரவில் பூமியின் விளிம்பில், தரையிலிருந்து நூறு கிலோமீட்டர் உயரத்தில், வளிமண்டலம் தானாக உமிழும் மெல்லிய ஒளியைப் படம் பிடிக்க வேண்டும். அந்த ஒளியை அடையாளமாக வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் பூமி இருக்கிறது என்பதை ஒரு செயற்கைக்கோள் மலிவாகக் கண்டுபிடிக்க முடியுமா என்று சோதிப்பதே நோக்கம்.

போய்ச் சேர்ந்ததும் நடந்தது வேறு. எந்தத் திசையில் பார்க்கிறோம் என்பதைக் கண்டறியும் முறையைச் சோதிக்கப் போன பெட்டி, எந்தத் திசையிலும் நிலைத்துப் பார்க்க முடியாதபடி சுழன்றுகொண்டிருந்தது. எதிர்பார்த்ததைவிட மிக வேகமான சுழற்சி. உருப்படியான படம் எடுக்க ஓர் ஆண்டுக்கும் மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

மாணவர்கள் செயற்கைக்கோள் செய்கிறார்கள் என்ற செய்தி வந்தால் நாம் முதலில் கேட்பது அதில் என்ன கேமரா இருக்கிறது என்றுதான். கேமரா இன்று கைப்பேசியிலேயே கிடைக்கிறது. ஒரு கிலோகூட இல்லாத பெட்டியை, பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லாத வெளியில், வேண்டிய பக்கம் திருப்பி நிறுத்துவதுதான் உண்மையான சவால். பூமியைக் கவனிக்கும் கலை அங்கேதான் தொடங்குகிறது.

பெட்டிக்கு அளவு வந்த கதை

பத்து சென்டிமீட்டர் கனசதுரம் என்ற அளவை 1999இல் வகுத்தவர்கள் கலிபோர்னியாவின் இரண்டு பேராசிரியர்கள். ஒருவர் ஸ்டான்ஃபோர்டில் இருந்த பாப் ட்விக்ஸ்; மற்றவர் கால் பாலி பல்கலைக்கழகத்தின் ஜோர்டி புய்க் சுவாரி. ட்விக்ஸைக் குடைந்த பிரச்சினை எளிமையானது. மாணவர் ஒரு செயற்கைக்கோளில் கைவைத்தால், அது முடிவதற்குள் அவர் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். படிப்புக் காலத்துக்குள் முடியவேண்டுமானால், அதற்குள் திணிக்கக்கூடியவற்றுக்கு ஒரு கறாரான வரம்பு வேண்டும். கடையில் பொம்மை வைத்து விற்கும் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைப் பார்த்து, சூரிய மின்கலங்களை ஒட்ட இந்த முகப்பரப்பு போதும் என்று அவர் கணக்குப் போட்டார். எடை வரம்பு முதலில் ஒரு கிலோ, பின்னால் 1.33 கிலோ ஆனது. கியூப்சாட் என்ற பெயரும் வந்தது.

அளவைவிட முக்கியமானது, அந்தப் பெட்டியை ராக்கெட்டில் ஏற்றும் முறை. பலநூறு கோடி ரூபாய்ச் செயற்கைக்கோளைச் சுமந்து செல்லும் ராக்கெட்டில் மாணவர்கள் செய்த பொருளை ஏற்ற யாருக்கும் மனம் வராது. அது நடுவில் உடைந்தால், தவறுதலாக ரேடியோவை இயக்கினால், பெரியவருக்கு ஆபத்து. அதனால் பெட்டியை ஒரு மூடிய கூண்டுக்குள் அடைத்து வைத்தார்கள். உள்ளே இருக்கும்வரை அதற்கு மின்சாரமே கிடையாது. உரிய நேரத்தில் கூண்டின் கதவு திறக்கும். வில்சுருள் பெட்டியை வெளியே தள்ளும். வெளியே வந்த பிறகும் குறைந்தது அரைமணி நேரம் ஆன்டெனாவை விரிக்கக் கூடாது. இந்தக் கட்டுப்பாடுகள் இருந்ததால்தான் ராக்கெட்காரர்கள் மாணவர்களை நம்பி இடம் கொடுத்தார்கள்.

2003 ஜூன் 30 அன்று ரஷ்யாவின் பிளெசெட்ஸ்க் தளத்திலிருந்து முதல் தொகுதி கியூப்சாட்டுகள் போயின. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் பெட்டி பல ஆண்டுகள் உயிரோடு இருந்து பூமியைப் படம் பிடித்து அனுப்பியது. அதே ராக்கெட்டில் போன டென்மார்க்கின் டிடியூசாட், கனடாவின் கேன்எக்ஸ்-1 ஆகிய இரண்டிடமிருந்தும் ஒரு சத்தமும் வரவில்லை. மாணவர் செயற்கைக்கோள்களின் உலகம் அன்றிலிருந்தே இப்படித்தான். பக்கத்துப் பக்கத்தில் கிளம்பிய இரண்டில் ஒன்று பத்தாண்டு பேசும். மற்றொன்று வாயே திறக்காது.

ஆக்ஸிஜன் உமிழும் ஒளி

நிலவு இல்லாத இரவிலும், நகர விளக்குகள் எட்டாத இடத்திலும் வானம் முழுக் கறுப்பாக இருப்பதில்லை. 1868இல் ஸ்வீடன் நாட்டு இயற்பியலர் ஆண்டர்ஸ் ஆங்ஸ்ட்ராம், துருவ ஒளி இல்லாத சாதாரண இரவு வானத்தின் ஒளியையும் நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தார். அதில் ஒரு பச்சைக் கோடு இருந்தது. அது விண்மீன்களின் ஒளி அல்ல, வளிமண்டலமே உமிழ்வது. இதைக் காற்றொளி என்கிறோம். சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து எடுத்த இரவுப் படங்களில், பூமியின் விளிம்புக்குச் சற்று மேலே பச்சை இழையாக ஓடுவது இதுதான்.

இதன் மூலத்தை 1931இல் பிரிட்டன் அறிவியலர் சிட்னி சாப்மன் விளக்கினார். பகலில் சூரியனின் புற ஊதாக் கதிர்கள் மேல் வளிமண்டலத்தில் உள்ள ஆக்ஸிஜன் மூலக்கூறுகளை உடைத்துத் தனித்தனி அணுக்களாக ஆக்குகின்றன. இரண்டு அணுக்கள் மீண்டும் சேர வேண்டுமானால், சேரும்போது வெளிப்படும் ஆற்றலை வாங்கிக்கொள்ள மூன்றாவதாக ஒரு துகளும் அதே நேரத்தில் அங்கே இருந்தாக வேண்டும். காற்று மிக மெலிந்த உயரத்தில் மூன்றும் ஒன்றாகச் சந்திப்பது அரிது. அதனால் பகலில் உடைந்த அணுக்கள் இரவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேர்கின்றன. சேரும்போது மிஞ்சும் ஆற்றல் ஒளியாகிறது. பகலில் வாங்கிய சூரிய ஆற்றலை வளிமண்டலம் இரவில் தவணையாகத் திருப்பித் தருகிறது என்று சொல்லலாம்.

இது ஏன் நூறு கிலோமீட்டர் பக்கமாக மட்டும் ஒரு மெல்லிய அடுக்காக நடக்கிறது? அதற்கு மேலே போனால் மூன்று துகள்கள் சந்திக்கப் போதுமான காற்று இல்லை. கீழே வந்தால் மூலக்கூறுகளை உடைக்கும் அந்தப் புற ஊதாக் கதிர் அவ்வளவு தூரம் இறங்குவதில்லை. உடைந்தாலும் அடர்ந்த காற்றில் அணுக்கள் உடனே ஒன்றோடொன்று சேர்ந்து தீர்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவில், சுமார் 95 கிலோமீட்டர் உயரத்தில், பத்து கிலோமீட்டர் அளவு தடிமனில் ஒளி உச்சம் பெறுகிறது.

ஸ்விஸ்கியூப் தேடியது பச்சை ஒளியை அல்ல. நம் கண்ணின் எல்லையைத் தாண்டி, 760 நானோமீட்டர் பக்கம் ஆக்ஸிஜன் மூலக்கூறு உமிழும் ஒளியை. இது பச்சையைவிட வலிமையானது. ஆனாலும் தரையிலிருந்து இதன் வலிமையான பகுதியைப் பார்க்க முடியாது. காரணம் எளிது. மேலே ஓர் ஆக்ஸிஜன் மூலக்கூறு உமிழும் அந்த நிறத்தை, கீழே உள்ள ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் விழுங்கிவிடுகின்றன. நமக்கும் அந்த அடுக்குக்கும் நடுவில் நாம் சுவாசிக்கும் காற்று முழுக்கத் திரையாக நிற்கிறது. அதைப் பார்க்க ஒரே வழி, அடுக்குக்கு மேலே போவது. மலிவான சிலிக்கான் கேமராச் சில்லுக்கு இந்த அலைநீளம் நன்றாகவே தெரியும் என்பதும் மாணவர்களுக்குச் சாதகமான செய்தி.

அந்த ஒளி எதற்கு?

பெரிய செயற்கைக்கோள்கள் பூமியின் விளிம்பைத் தேடுவதற்கு வெப்ப அகச்சிவப்பு உணரிகளைப் பயன்படுத்துகின்றன. 15 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் கரியமில வாயு வெளியிடும் வெப்பக் கதிர் பகலிலும் இரவிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். அதைக் கொண்டு பூமி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று துல்லியமாகச் சொல்லிவிடலாம். அந்த உணரிகள் விலை அதிகம், எடையும் அதிகம். சாதாரண ஒளியில் பார்க்கும் கேமராவோ இரவுப் பக்கத்தில் குருடு. பூமி அங்கே கறுத்துக் கிடக்கும்.

காற்றொளி இங்கே கைகொடுக்கும். அது இரவில் உண்டு. பகலில் இன்னும் பிரகாசம். சிலிக்கான் சில்லோடு ஒரு சின்ன லென்ஸும் ஒரு வடிகட்டியும் இருந்தால், பூமியின் வட்டத்தை அதன் ஒளி விளிம்பிலிருந்து கணித்துவிடலாம். எதிர்பார்ப்பு இதுதான். ஆனால் அந்த ஒளி விளிம்பின் பிரகாசம் இடத்துக்கு இடம், நேரத்துக்கு நேரம் எவ்வளவு மாறுகிறது என்று அளந்து பார்க்காமல் அதை நம்பி ஓர் உணரியைச் செய்ய முடியாது. அந்த அளவீட்டுக்காகத்தான் ஸ்விஸ்கியூப்.

இதன் வடிவியலைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் சிக்கல் விளங்கும். அந்தச் செயற்கைக்கோள் சுமார் 720 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தது. அங்கிருந்து காற்றொளி அடுக்கின் விளிம்பு ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. கிடைமட்டத்திலிருந்து 24 பாகை கீழே. பெட்டி ஒரு பாகை திரும்பினால் போதும், அதன் பார்வை அந்தத் தொலைவில் 50 கிலோமீட்டர் நகர்ந்துவிடும். அடுக்கின் தடிமனோ பத்து கிலோமீட்டர். அதாவது படம் எடுக்கும் நேரத்தில் பெட்டி ஐந்தில் ஒரு பாகைகூட ஆடாமல் இருந்தால்தான் அடுக்கு அடுக்காகத் தெரியும். இல்லாவிட்டால் இழுபட்ட சாம்பல் பட்டைதான் மிஞ்சும். மங்கிய ஒளி என்பதால் கேமராவின் கண்ணையும் அதிக நேரம் திறந்து வைக்க வேண்டும். நொடிக்கு அரைச் சுற்று சுற்றும் ஒரு பெட்டியில், பத்தில் ஒரு நொடி கண் திறந்திருந்தால் பார்வை 18 பாகை இழுபட்டிருக்கும். ஐந்தில் ஒரு பாகை எங்கே, பதினெட்டுப் பாகை எங்கே!

சில மில்லிகிராம் கை

சுழலும் பெட்டியை நிறுத்த என்ன செய்யலாம்? தரையில் பம்பரம் காற்றோடும் மண்ணோடும் உரசி, தானே தலைசாய்ந்து நின்றுவிடும். விண்வெளியில் உரச ஏறக்குறைய எதுவுமில்லை. பெரிய செயற்கைக்கோள்களில் சிறு ராக்கெட்டுகளும் சுழல் சக்கரங்களும் இருக்கும். எரிபொருள் வைத்திருக்கும் கலத்தை மற்றவர்களின் ராக்கெட்டில் ஏற்ற மாணவர்களுக்கு லேசில் அனுமதி கிடைக்காது. சக்கரங்கள் எடையையும் மின்சாரத்தையும் தின்னும். மிஞ்சுவது ஒன்று: பூமியின் காந்தப்புலம்.

பெட்டியின் மூன்று பக்கங்களில் செம்புக் கம்பிச் சுருள்களைப் பதித்துவிடுகிறார்கள். சுருளில் மின்சாரம் ஓடினால் அது தற்காலிகக் காந்தம். திசைகாட்டியின் முள்ளைப் போலவே பூமியின் புலம் அதைத் தன் பக்கம் திருப்பப் பார்க்கும். ஸ்விஸ்கியூப்பும் இந்த வழியைத்தான் நம்பியது. எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறோம் என்று அறிய, காந்தமானிகளும் சூரிய உணரிகளும் சுழற்சியை அளக்கும் ஜைரோஸ்கோப்புகளும் இருந்தன.

இந்த முறைக்கு மூன்று குறைகள். முதலாவது, விசை மிகச் சிறியது. இந்த அளவுச் சுருள் தரும் முறுக்கம், பெட்டியின் நடுவிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தள்ளி சில மில்லிகிராம் எடை அழுத்துவதற்குச் சமம். 720 கிலோமீட்டர் உயரத்தில் பூமியின் காந்தப்புலமும் தரையில் இருப்பதைவிடக் கால் பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. இரண்டாவது, புலம் எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்த அச்சைச் சுற்றித் திருப்ப முடியாது. அதற்குக் குறுக்கான அச்சுகளில்தான் பிடி கிடைக்கும். செயற்கைக்கோள் நகர நகரப் புலத்தின் திசை மாறும் என்பதால், இப்போது எட்டாத அச்சு இன்னும் கால் மணி நேரத்தில் எட்டும். அவசரம் இதற்கு ஒத்துவராது.

மூன்றாவது குறை நுட்பமானது. சுழற்சியைக் குறைக்கும் நிரல், காந்தப்புலம் எப்படி மாறுகிறது என்று அளந்து, அந்த மாற்றத்துக்கு எதிராகச் சுருளை இயக்கும். அளவீடு சுழற்சியைவிட வேகமாக நடக்க வேண்டும். பெட்டி நொடிக்கு ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றும்போது நிரல் நொடிக்கு ஒருமுறை மட்டும் அளந்தால், அது எதிர்ப்பக்கம் மெதுவாகச் சுற்றுவதாகத்தான் நிரலுக்குத் தெரியும். சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கி உருள்வதாகத் தெரியும் அதே மயக்கம். அப்போது பிரேக் போடுகிறோம் என்று நினைத்து நிரல் முடுக்கிவிடவும் கூடும். ஒரு கட்டுப்பாட்டு அமைப்பு எந்த வேகத்துக்காக வடிவமைக்கப்பட்டதோ அதைத் தாண்டிய வேகத்தில் அது உதவாது. சில நேரம் கெடுக்கவும் செய்யும்.

லொசானில் இருந்தவர்கள் காத்திருக்க முடிவு செய்தார்கள். காத்திருப்பதற்கும் இயற்பியல் காரணம் உண்டு. காந்தப்புலத்தில் சுழலும் உலோகத்தில் சிறு மின்னோட்டங்கள் தாமாக எழும். அவை சுழற்சியை எதிர்க்கும். மிக மெதுவான பிரேக். ஆனால் விடாத பிரேக். பல மாதங்களில் சுழற்சி தணிந்தது. பிறகு கட்டுப்பாட்டு அமைப்பை இயக்கிப் பெட்டியை அடக்கி, 2011இல் படங்களை எடுத்தார்கள். காற்றொளியும் படத்தில் விழுந்தது.

காத்திருக்க முடிந்ததற்கு இன்னொரு காரணம், பெட்டி உயிரோடு இருந்தது. சுழன்றபடியே அது தன் பேட்டரி அளவையும் வெப்பநிலையையும் மோர்ஸ் தந்திக் குறிகளாக அனுப்பிக்கொண்டிருந்தது. மாணவர் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் அமெச்சூர் ரேடியோ அலைவரிசையில் பேசுவதால், உலகெங்கும் உள்ள ஹாம் ரேடியோக்காரர்கள் அவற்றைக் கேட்டு எழுதி அனுப்புவார்கள். தம் ஊர் வானத்தில் செயற்கைக்கோள் இல்லாத நேரத்திலும் அதன் நாடி எப்படி இருக்கிறது என்று மாணவர்களுக்குத் தெரிந்துவிடும்.

ஒரு படத்தின் விலை

திசை சரியானாலும் படம் இலவசமாக வராது. முதல் செலவு மின்சாரம். பூமிக்கு அருகே ஒரு சதுர மீட்டரில் விழும் சூரிய ஆற்றல் சுமார் 1,361 வாட். பெட்டியின் ஒரு முகம் 100 சதுர சென்டிமீட்டர்; ஆக அதில் விழுவது 13.6 வாட். முகத்தில் பாதிக்குச் சற்று அதிகமான இடத்தில்தான் மின்கலம் ஒட்ட முடியும். அதிலும் நல்ல மின்கலம்கூட ஏறத்தாழ 28 சதவீதத்தைத்தான் மின்சாரமாக்கும். கையில் கிடைப்பது இரண்டு வாட்டுக்குச் சற்று மேல். ஒரு சுற்றுக்கு 99 நிமிடம். அதில் மூன்றில் ஒரு பங்கு வரை பூமியின் நிழலில் கழியும். சராசரியாக ஒன்றரை வாட். இதற்குள் கணினி, உணரிகள், சுருள்கள், கேமரா, ரேடியோ எல்லாம் குடித்தனம் நடத்த வேண்டும்.

அடுத்த செலவு நேரம். தரை நிலையத்துக்கு மேலே ஒரு செயற்கைக்கோள் அடிவானத்திலிருந்து அடிவானம்வரை கடக்க, இந்த உயரத்தில் மிஞ்சிப் போனால் 14 நிமிடம். தலைக்கு மேல் நேராகப் போகாத பெரும்பாலான தடவைகளில் பத்து நிமிடம் கிடைத்தாலே அதிகம். அதுவும் நாளொன்றுக்குச் சில தடவைதான். இந்தப் பெட்டிகளின் ரேடியோ வழக்கமாக நொடிக்கு 1,200 பிட் வேகத்தில் பேசுவது. 640-க்கு 480 புள்ளிகள் கொண்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைச் சுருக்காமல் அனுப்பினால் 24 லட்சத்து 57 ஆயிரம் பிட் ஆகும். அதை 1,200 பிட் வேகத்தில் இறக்க 34 நிமிடம். அதாவது மூன்று நான்கு கடப்புகள், நடுவில் ஒரு பிழையும் வராமல். அதனால்தான் மாணவர் செயற்கைக்கோள்களின் படங்கள் அஞ்சல் தலை அளவுக்குச் சுருங்கிவிடுகின்றன. கேமரா மட்டமானது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மேலே எடுக்க முடிவதற்கும் கீழே இறக்க முடிவதற்கும் உள்ள இடைவெளியைத்தான் அந்த அளவு காட்டுகிறது.

நம் பக்கத்துப் பெட்டிகள்

இந்தியாவில் பல்கலைக்கழகம் செய்த முதல் செயற்கைக்கோள் அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட். இஸ்ரோவின் வழிகாட்டுதலில் உருவாகி 2009 ஏப்ரல் 20இல் பறந்தது. 40 கிலோ எடை; செய்தியை ஓரிடத்தில் வாங்கி வேறிடத்தில் இறக்குவது அதன் வேலை என்பதால் கூர்ந்து பார்க்கும் பொறுப்பு அதற்கில்லை. அந்தப் பொறுப்பு அடுத்த ஆண்டு வந்த ஸ்டுட்சாட்டுக்கு இருந்தது. பெங்களூரு, ஹைதராபாத் நகரங்களின் ஏழு பொறியியல் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து செய்த, ஒரு கிலோவுக்கும் குறைவான பெட்டி. 2010 ஜூலை 12இல் பி.எஸ்.எல்.வி.-சி15 அதைச் சுமந்து சென்றது. 637 கிலோமீட்டர் உயரத்திலிருந்து தரையில் 90 மீட்டர் அளவுள்ளவற்றைப் பிரித்துக் காட்டும் கேமரா என்பது திட்டம்.

அந்த 90 மீட்டரைக் கோணமாக்கினால் ஒரு பாகையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. செயற்கைக்கோளுக்கு நேர் கீழே உள்ள புள்ளி தரையில் நொடிக்கு ஏழு கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 90 மீட்டரைத் தாண்ட 13 மில்லி நொடி போதும். கேமரா அதைவிட விரைவாகக் கண்ணை மூடியாக வேண்டும். அந்த 13 மில்லி நொடியையும் முழுதாகப் பயன்படுத்தினால், பெட்டி நொடிக்கு 0.6 பாகைக்கு மேல் திரும்பக் கூடாது. ஒரு மில்லி நொடியில் படம் எடுத்தால் நொடிக்கு எட்டுப் பாகைவரை பொறுக்கலாம். பகல் ஒளியில் தரையைப் பார்ப்பவர்களுக்கு அந்தச் சலுகை உண்டு. இரவில் காற்றொளியைத் தேடுபவர்களுக்குக் கிடையாது.

2011 அக்டோபர் 12இல் மேகா-டிராபிக்ஸ் என்ற செயற்கைக்கோளோடு இரண்டு மாணவர் செயற்கைக்கோள்கள் போயின. கான்பூர் ஐ.ஐ.டி.யின் மூன்று கிலோ ஜுக்னு, அண்மை அகச்சிவப்பில் பூமியைப் படம் பிடிக்கும் கேமராவோடு, சுழற்சியை அளக்கும் சிற்றளவு உணரிகளையும் சோதித்தது. சென்னையை அடுத்த எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தின் 10.9 கிலோ எஸ்.ஆர்.எம்.சாட், பூமியிலிருந்து வரும் ஒளியைப் பிரித்துக் கரியமில வாயுவையும் நீராவியையும் கவனிக்கப் போனது. 2017 ஜூன் 23இல் குமரி மாவட்டத்து நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்தின் 15 கிலோ நியூசாட், பயிர்களையும் பேரிடர் பகுதிகளையும் பல நிறங்களில் படம் பிடிக்கும் நோக்கத்தோடு கிளம்பியது.

திசைப் பிரச்சினைக்கு அழகான ஒரு குறுக்கு வழியைப் புனே பொறியியல் கல்லூரி மாணவர்கள் 2016இல் அனுப்பிய ஸ்வயம் காட்டியது. ஒரு கிலோ பெட்டிக்குள் நிரந்தரக் காந்தம் ஒன்றை வைத்தார்கள். அது பூமியின் புலத்தோடு தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்ளும். கூடவே சில மென்காந்தத் தண்டுகள். பெட்டி ஆடும்போதெல்லாம் அவை காந்தமேறி, காந்தமிறங்கி, அந்த ஆட்டத்தின் ஆற்றலை வெப்பமாகக் கரைத்துவிடும். மின்சாரமும் வேண்டாம், நிரலும் வேண்டாம். ஆனால் வேண்டிய இடத்தைப் பார்க்க முடியாது. புலம் காட்டும் பக்கத்தைத்தான் பார்க்க முடியும். ஆன்டெனாவுக்கு அது போதும். தரையைக் கூர்ந்து படம் பிடிக்கும் கேமராவுக்குப் போதாது.

பட்டப்படிப்புக்குப் பிறகு

பொம்மைப் பெட்டி அளவில் தொடங்கியது வகுப்பறையோடு நிற்கவில்லை. அதே பெட்டியை மூன்றாக அடுக்கிச் செய்த படக்கோள்களை பிளானெட் என்ற அமெரிக்க நிறுவனம் நூற்றுக்கணக்கில் அனுப்பியது. 2017 பிப்ரவரி 15இல் பி.எஸ்.எல்.வி.-சி37 ஒரே தடவையில் 104 செயற்கைக்கோள்களை ஏற்றிச் சென்று பேர் வாங்கியதே, அவற்றில் 88 இந்த நிறுவனத்துடையவை. எரிபொருள் இல்லாத அந்தச் சிறு கோள்களை வரிசையாகப் பிரித்து நிறுத்தியதும் திரும்பும் வித்தையால்தான். அகலமான பக்கத்தைக் காட்டிப் பறக்கும் கோள், மேலே மிச்சமிருக்கும் மெல்லிய காற்றில் அதிகம் உரசிச் சற்றே இறங்கும். இறங்கியது முன்னால் ஓடும். ஒல்லியான பக்கத்தைக் காட்டுவது பின்தங்கும். திரும்பத் தெரிந்தால், காற்றையே கடிவாளமாக்கலாம்.

அதே காற்றுதான் கடைசிக் கேள்வியையும் எழுப்புகிறது. 720 கிலோமீட்டரில் அது மிக மெல்லியது. ஸ்விஸ்கியூப் தன் வேலையை முடித்த பின்னும் பல பத்தாண்டுகள் அங்கேயே சுற்றும். தாங்கள் அனுப்பியதைத் தாங்களே எடுத்துவர வேண்டும் என்ற எண்ணம் லொசானில் எழுந்தது. ஸ்விஸ்கியூப்பைப் பிடித்து வளிமண்டலத்தில் இறக்கி எரிக்கும் ஒரு திட்டத்தை 2012இல் அறிவித்தார்கள். பத்து சென்டிமீட்டர் பொருளைத் தேடிக் கண்டுபிடிப்பதே கடினம். அது சுழன்றுகொண்டிருந்தால் பிடிப்பது இன்னும் கடினம். அந்த முயற்சியிலிருந்து கிளியர்ஸ்பேஸ் என்ற நிறுவனம் பிறந்தது; ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் அதோடு ஒப்பந்தம் செய்தது. இலக்கு மட்டும் பெரிய பொருட்களுக்கு மாறியது. 2024இல் அது ப்ரோபா-1 என்று முடிவானது. பூமியைக் கவனிக்க 2001இல் போன அந்த 94 கிலோ ஐரோப்பியக் கோளும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியதுதான்.

விதிகளும் இறுகிவிட்டன. வேலை முடிந்த செயற்கைக்கோள் 25 ஆண்டுக்குள் இறங்க வேண்டும் என்பது நெடுங்காலப் பரிந்துரை. 2022இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் தாழ்ந்த சுற்றுப்பாதைகளுக்கு அதை ஐந்து ஆண்டாகச் சுருக்கியது. 2030க்குள் குப்பை சேர்க்காத விண்பயணங்கள் என்ற இலக்கை இந்தியாவும் 2024இல் அறிவித்தது. இதற்கும் ஒரு பல்கலைக்கழகம் வழி காட்டியிருக்கிறது. நியூசாட் போன அதே பி.எஸ்.எல்.வி.-சி38இல், இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகம் செய்த இன்ஃப்ளேட்செயில் என்ற சிறு கோளும் போனது. அது மேலே போனதும் பத்து சதுர மீட்டர் பாய் ஒன்றை விரித்தது. 500 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 72 நாளில் காற்று அதை இழுத்து இறக்கி எரித்துவிட்டது.

ஆக, இன்று ஒரு கல்லூரி மாணவர் குழு செயற்கைக்கோள் செய்ய உட்கார்ந்தால், கேமரா விலைப்பட்டியலைத் திறப்பதற்கு முன் மூன்று கணக்குகளைப் போட்டாக வேண்டும். படம் எடுக்கும் நொடியில் பெட்டி எத்தனை பாகை ஆடலாம், எடுத்த படம் எத்தனை கடப்புகளில் இறங்கும், எல்லாம் முடிந்த பிறகு பெட்டியே எத்தனை ஆண்டில் இறங்கும். 400 கிலோமீட்டரில் விட்டால் ஓரிரு ஆண்டில் அது தானாக எரிந்துவிடும். சுழற்சி தணியட்டும் என்று ஓர் ஆண்டு காத்திருந்தால் ஆயுளில் பாதி போய்விடும். 720இல் விட்டால் காத்திருக்க நேரம் உண்டு. அடுத்த தலைமுறைக்குக் குப்பையும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் ஓர் உயரத்தைத் தேர்ந்து, ஏன் அதைத் தேர்ந்தோம் என்று எண்களோடு நிறுவத் தெரிந்த மாணவரின் பெட்டி மேலே போய் வாய் திறக்காவிட்டாலும், அவர் படிக்க வந்ததைப் படித்துவிட்டார்.